செல்போனில் இருக்கிற காசு கைக்கு வருமா?

மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு எட்டு நடக்க விட்டுப் பார்த்துத்தான் நம் கொங்கு நாட்டில் காளை வாங்குவார்கள். கண்ணபுரம் சந்தையானாலும் சரி, அந்தியூர் சந்தையானாலும் சரி, இதில் யாரும் கூச்சப்படுவதில்லை. பெண்களாகிய நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குகிறோமா? நகைக் கடையில் ஹால்மார்க் முத்திரையைத் தேடாமல் எழுந்து வருகிறோமா? ஆனால் செல்போனுக்குள் வாங்குகிற கிரிப்டோ காசு என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் படித்தவர்கள் விஷயம்" என்று வாயை மூடிக்கொண்டு விடுகிறோம்.

சகோதரிகளே, நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். கம்ப்யூட்டர் படித்ததில்லை. இருந்தும் சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாங்கி வைத்திருந்த ஏழு வகைக் காசுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டி வந்தது. அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்கு இந்த மாதிரிச் சங்கடம் புதிதும் அல்ல. அந்நியச் செலாவணி வியாபாரத்தில் பணத்தைப் பெருக்கித் தருகிறோம் என்று திருப்பூரில் தொடங்கிய பாசி நிறுவனம் 2009-ல் கவிழ்ந்தது. போனது சுமார் 930 கோடி ரூபாய் என்று வழக்கு. 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இரண்டு பேருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நடுவில் பதின்மூன்று வருஷம்! 2012-ல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டங்கள் படுத்தபோது, கேட்பாரற்றுக் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டி வந்தது. இரண்டிலும் எத்தனை வீட்டுத் தாலிக்கொடி, எத்தனை பெண் குழந்தைகளின் கல்யாணப் பணம் போயிற்று என்பது நம் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது அதே ஆசை செல்போன் வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் கிரிப்டோ என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிட்காயின் என்பது 2009-ல் வந்தது. அச்சடித்த நோட்டு கிடையாது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி எழுதி வைக்கப்படுகிற ஒரு பொதுக் கணக்குப் புத்தகம். யாரிடம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் உருவாக முடியாது என்பது அதன் விதி. அதற்குப் பிறகு ஈதர் வந்தது. ஈதர் ஓடுகிற கணக்குப் புத்தகத்திலேயே, யார் வேண்டுமானாலும் தன் பெயரில் ஒரு காசை உருவாக்கலாம் என்று வசதி வைத்தார்கள். அப்படி உருவாவதைத்தான் டோக்கன் என்கிறார்கள். ரேஷன் கடை டோக்கன் மாதிரிதான். கடையில் சரக்கு இருந்தால் டோக்கனுக்கு மதிப்பு. இல்லாவிட்டால் வெறும் சீட்டு. டோக்கன் செய்ய அரை மணி நேரம் போதும், அனுமதி யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கொழுந்தனார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், சிகரெட் பிடிப்பதுகூடக் கிடையாது. அவர் மனைவி, என் ஓரகத்தி, ஒரு நாள் சமையலறையில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்:

"அக்கா, அவரு ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் எந்திரிச்சு போனைப் பாக்கறாருங்க. மூணு லட்சத்து நாப்பதாயிரம் போட்டிருக்காராம். இப்ப ஆறு லட்சத்துக்கு மேல ஆயிருச்சுங்கறாரு. என்ற அஞ்சு பவுன் செயினும் பேங்க்ல இருக்குது. இன்னும் ரெண்டு லட்சம் போடணும்னு சொல்றாருங்க்கா. அது புள்ள காலேஜுக்கு வெச்ச பணம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொழுந்தனாரைச் சாப்பிட வரச் சொன்னேன். சாப்பாடு ஆனதும் மெதுவாக, "தம்பி, அந்தக் காசெல்லாம் எனக்குங் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். "அண்ணி, அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "புரியாட்டிப் போகுது, காட்டுங்க" என்றேன். பி.காம். படிக்கிற என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இணையத்தில் தேடித் தந்தது அவள்; கேள்வி கேட்டது நான்; பால் கணக்கு நோட்டில் எழுதினது ஓரகத்தி.

திரையில் மொத்தம் 6 லட்சத்து 12 ஆயிரம் என்று பச்சை நிறத்தில் மின்னியது. ஏழு காசுகள்.

"இதில் எந்தெந்தக் காசுக்கு விலாசம் இருக்கிறது?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. நகைக்கு இப்போது ஆறு எழுத்து அடையாள எண் இருக்கிறதல்லவா? 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அதே போல ஈதர் புத்தகத்தில் உருவாகும் ஒவ்வொரு டோக்கனுக்கும், பூஜ்யம் எக்ஸ் என்று தொடங்கி 42 எழுத்து நீளத்தில் ஒரு விலாசம் உண்டு. பெயரை யாரும் காப்பியடிக்கலாம். அந்த விலாசத்தைக் காப்பியடிக்க முடியாது. ஈதர்ஸ்கேன் என்ற தளத்தில் அதைப் போட்டால் காசு எப்போது பிறந்தது, எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எல்லாம் வந்து விழும். காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிட்காயினும் ஈதரும் தனிக் காசுகள், அவற்றை வேறாக வைத்தோம். மீதி ஐந்தில் ஒன்று, பிரபலமான ஒரு காசின் பெயரையே வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காசின் சொந்தத் தளத்தில் போட்டிருந்த விலாசத்தையும் கொழுந்தனாரிடம் இருந்த விலாசத்தையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். ஒத்துப் போகவில்லை. போலி. 25 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, திரையில் 60 ஆயிரம் காட்டிய காசு, விற்கப் போனால் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் என்றது.

அடுத்த கேள்வி, "விற்க முடியுமா?" வாங்குகிற போது யாரும் தடுப்பதில்லை, விற்கிற போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். 2021-ல் ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடரின் பெயரில் ஒரு டோக்கன் வந்தது. சில நாட்களில் 2,800 டாலரைத் தாண்டியது. ஆனால் வாங்கினவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி செய்தவர்கள் சுருட்டிக்கொண்டு போக, விலை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. காசின் விதிகளிலேயே ‘சொந்தக்காரன் மட்டும்தான் விற்கலாம்’ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். கொழுந்தனாரிடம் 20 ஆயிரத்துக்கு வாங்கின ஒன்று அப்படித்தான் இருந்தது. ஐந்நூறு ரூபாய் அளவுக்கு விற்கப் பார்த்தார். மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டது. அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது, பாவம். ஓரகத்தி எழுந்து போய் மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

இதைப் பார்த்துச் சொல்ல இலவசச் சோதனைத் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் காசின் விலாசத்தை மட்டும் போடுங்கள். ‘உங்கள் பணப்பையை இணையுங்கள்’ என்று கேட்டால் இணைக்கவே கூடாது. அவை ‘ஆபத்து’ என்றால் ஒதுங்கிவிடலாம். ‘சரி’ என்றால் மட்டும் முழுவதும் நம்பிவிடாதீர்கள். விதியைப் பிறகு மாற்றுகிற உரிமையை வைத்துக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு.

மூன்றாவது, "யார் கையில் எவ்வளவு இருக்கிறது?" 45 ஆயிரத்துக்கு வாங்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் காட்டிய காசைப் பார்த்தோம். மொத்தக் காசில் 100-க்கு 62 பங்கு ஒரே விலாசத்தில் இருந்தது. பெரிய சந்தைகள் எல்லாருடைய காசையும் சேர்த்து ஒரே விலாசத்தில் வைப்பதும் உண்டு, ஆகையால் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். இதுவோ பெயர் தெரியாத ஒரு தனி ஆள். அவன் விற்றால் மற்றவர்கள் கதி அதோகதி. அதோடு, ‘மேலும் காசு உருவாக்குகிற உரிமை யாரிடம்?’ என்றும் கேட்க வேண்டும். சொந்தக்காரனிடமே இருந்தால் அவன் நினைத்தபோது கோடிக்கணக்கில் செய்துகொள்வான்.

இந்த இடத்தில்தான் திரைக் கணக்கு என்பது என்ன என்று எனக்கு விளங்கியது. இந்தச் சின்னக் காசுகளை வாங்கி விற்பதற்கென்று ஒரு பொதுக் குளத்தில் பணம் போட்டு வைத்திருப்பார்கள். கடைசியாக விற்ற விலையை எல்லாக் காசோடும் பெருக்கித் திரை காட்டும். ஆனால் குளத்தில் இருப்பது இரண்டு குடம் தண்ணீர்தான். ஊரே குடத்தோடு போனால் முதலில் போனவளுக்குக் கிடைக்கும், அடுத்தவளுக்குச் சேறுதான். அந்தக் குளத்துப் பணத்தைக் குறிப்பிட்ட காலம் எடுக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இங்கே பூட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பார்த்ததில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று காட்டியது 31 ஆயிரமாகக் கைக்கு வந்தது.

நான்காவது ஒரு காசு தானாக வந்து சேர்ந்திருந்தது. வாங்கவேயில்லை, 22 ஆயிரம் மதிப்பு என்று காட்டியது. கேட்காமல் வாசலில் வந்து நிற்கிற சீர்வரிசை! என் மகள் "சித்தப்பா, தொடாதீங்க" என்றாள். அதை விற்கப் போனால் ஒரு தளத்துக்கு அழைத்துப் போகும்; அங்கே ‘சம்மதம்’ என்று ஒரு முறை அழுத்தினால் பணப்பையில் உள்ள மற்றக் காசுகளை எடுக்க அவர்களுக்கு அனுமதி கொடுத்ததாகிவிடும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுப்பதற்குச் சமம். முன்பு கொடுத்த அனுமதிகளையும் ஈதர்ஸ்கேனில் பார்த்து ரத்து செய்யலாம். கொழுந்தனார் பெயரில் அப்படி நாலு அனுமதிகள் கிடந்தன. அன்றே ரத்து செய்தோம்.

கடைசியாக வந்தது பெரிய காசு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் போட்டு, இரண்டு லட்சத்து அறுபதாயிரம் காட்டியது. ஒரு கம்பெனி தன் சொந்த ஆப்பில் விற்கிற காசு. விலாசம் கேட்டால் இல்லை. எந்தப் பொதுப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கம்பெனியின் ஆப்பில் தெரிகிற ஒரு நம்பர்தான் காசு. தினம் ஒரு சதவிகிதம் ஏறும், ஆள் சேர்த்தால் பத்து சதவிகிதம் கமிஷன், மாதக் கடைசிக்குள் போட்டால் இரட்டை போனஸ். புள்ளையின் காலேஜ் பணம் இரண்டு லட்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்.

"ஒரு பத்தாயிரம் எடுத்துக் காட்டுங்க தம்பி" என்றேன். எடுக்க வேண்டுமானால் முதலில் வரியாக எட்டாயிரம் கட்ட வேண்டும் என்று ஆப் சொன்னது. நம் பணத்தை நாமே எடுக்க நாமே மேலும் பணம் கட்டுவதா? பிறகுதான் ஒரு பழைய வழக்கைப் படித்தோம். 2015 வாக்கில் தொடங்கிய கெயின்பிட்காயின் என்ற திட்டம், பிட்காயின் போட்டால் மாதம் 10 சதவிகிதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்னது. பிறகு பிட்காயினுக்குப் பதில் எம்கேப் என்று தாங்களே செய்த காசைக் கொடுத்தார்கள். இன்று அது சி.பி.ஐ. வழக்கு. பெயர்தான் புதிது, வேலை பழைய வேலை.

நல்ல காசு என்றால் பயமே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. லூனா என்ற காசு உலகத்துப் பெரிய காசுகளில் ஒன்றாக இருந்தது. 2022 ஏப்ரலில் 100 டாலருக்கு மேல். மே மாதத்தில் சில நாட்களுக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே. ஆகையால் சோதனையில் தேறியது என்றால் ‘மோசடி தெரியவில்லை’ என்று மட்டுமே அர்த்தம். ‘நஷ்டம் வராது’ என்று அர்த்தமல்ல.

எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். 2024 ஜூலை 18-ஆம் தேதி, வாசிர்எக்ஸ் என்ற பெரிய இந்தியச் சந்தையிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காசுகள் திருடு போயின. திருடு போகாத காசை வைத்திருந்தவர்களின் கணக்கும் முடக்கப்பட்டது. 2025 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய்க்குக் காசு வாங்கியிருந்த ஒரு பெண்மணி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த 2025 அக்டோபரில் நீதிமன்றம், கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை ஒருவர் நம்பிக்கையின் பேரில் மற்றவருக்காக வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. தைரியமாகப் போராடிய அந்தச் சகோதரியை எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் பற்றிப் படித்த அன்று மனதுக்கு நிறைவாக இருந்தது. வங்கியில் போட்டால் 5 லட்சம் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு. கிரிப்டோவுக்கு அது கிடையாது. 2023 மார்ச்சிலிருந்து இந்தச் சந்தைகளும் பண மோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த சந்தையா என்றாவது பாருங்கள். அதுவும் உத்தரவாதம் அல்ல, ஒரு வடிகட்டி.

சந்தையில் வைக்காமல் சொந்தப் பணப்பையில் வைத்திருந்தால், அதற்குச் சாவி 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள். அந்த வார்த்தைகளை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, போட்டோ எடுத்து வைக்கவும் கூடாது. தாளில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை அவருக்கு ஒன்று என்றால், அந்த வார்த்தைகள் இல்லாமல் எந்த ஆபீஸுக்கு நடந்தும் அந்தப் பணம் வராது. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கணக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பிட்காயினும் ஈதரும் 70 ஆயிரத்துக்கு வாங்கியவை, 78 ஆயிரத்துக்குப் போயின. அந்த 31 ஆயிரத்தையும் சேர்த்து ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் வங்கிக்கு வந்தது. எட்டாயிரம் லாபத்துக்கு 30 சதவிகித வரியும் செஸ்ஸும் உண்டு. 2022 பட்ஜெட்டில் வந்த சட்டப்படி, ஒரு காசில் வந்த நஷ்டத்தை இன்னொரு காசின் லாபத்தில் கழிக்க முடியாது. ஆகையால் மொத்தத்தில் நஷ்டப்பட்டும் வரி கட்டினார். செயின் மீண்டது. காலேஜ் பணம் இரண்டு லட்சம் வங்கியை விட்டு நகரவில்லை. மீதி 2 லட்சத்து 31 ஆயிரம் கைக்கு வரவில்லை. கம்பெனி மேல் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். தான் சேர்த்துவிட்ட இரண்டு நண்பர்கள் வீட்டுக்கும் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அண்ணி, நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனேனுங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் யாராவது வைத்திருந்தால், ஒரு நோட்டை எடுத்து இவற்றை எழுதச் சொல்லுங்கள். காசின் பெயர் என்ன, விலாசம் என்ன, போட்டது எவ்வளவு, சிறு தொகை விற்று வங்கிக்கு வந்ததா, பெரும் பங்கு யாரிடம், சாவி எங்கே. ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றாலும் மேலே ஒரு ரூபாய் போட விடாதீர்கள். பணம் போய்விட்டால் அன்றே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; சீக்கிரம் சொன்னால் வங்கியில் முடக்க வழி இருக்கிறது. டெபாசிட் வாங்கும் கம்பெனிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பார்க்கலாம், புகாரும் செய்யலாம். ஏமாந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷத்து டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோவையிலேயே அதற்குத் தனி நீதிமன்றம் உண்டு. ரசீது, குறுஞ்செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று பிறகு வருகிறவர்களை வாசற்படி ஏற்றாதீர்கள். அவர்கள் இரண்டாவது திருடர்கள்.

கேட்டால் கோபப்படுவார்களே என்று பயப்பட வேண்டாம். சாப்பாடு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பதற்றம் இல்லாமல் கேளுங்கள். அடகுக்குப் போவது உங்கள் கழுத்துச் செயின் என்றால், கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு.